1892 உடன்படிக்கையில் இல்லாத சொல்

ஓசூர் நெடுஞ்சாலை அத்திபெலேயில் மாநில எல்லையைக் கடக்கிறது. அதற்குக் கிழக்கே சற்றுத் தொலைவில் ஓர் ஆறும் அதே எல்லையைக் கடக்கிறது. கன்னடத்தில் அது தட்சிண பினாகினி, தமிழில் தென்பெண்ணை. நந்தி மலைப் பகுதியில் தோன்றிக் கடலூரருகே கடல் சேரும் இவ்வாற்றைப் பற்றிய வரலாற்று எழுத்துகள் பெரும்பாலும் பங்கீட்டின் வரலாறாகவே அமைந்துள்ளன. எவ்வளவு நீர் என்று கேட்ட அளவுக்கு எத்தகைய நீர் என்று எவரும் கேட்கவில்லை.

சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் 1892 பிப்ரவரியில் செய்துகொண்ட உடன்படிக்கையே இதன் தொடக்கம். அட்டவணையில் குறித்த ஆறுகளின் குறுக்கே, கீழ்ப்பகுதி அரசின் முன்னிசைவின்றி மைசூர் புதிய நீர்த்தேக்கம் கட்டலாகாது என்றது அது. அவ்வட்டவணையில் தென்பெண்ணையும் உண்டு. நீரின் தூய்மை குறித்து ஒரு சொல்லும் இல்லை. எழுதியவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பெங்களூரில் நிலத்தடிச் சாக்கடை அமைக்கும் பணியே 1922 அளவில்தான் தொடங்கியது.

அதற்கு முன்பு அந்நகரின் ஏரிகளை ஒன்றோடொன்று இணைத்தவை ராஜகாலுவேக்கள். காலுவே என்ற கன்னடச் சொல்லும் நம் வாய்க்காலில் உள்ள கால் என்பதும் ஒரே வேரின. ஏரிப் பாசனத்துக்கான இந்தச் சொல் இன்று பெங்களூர்ப் பேச்சில் ஏறத்தாழச் சாக்கடையையே குறிக்கிறது. சொற்பொருள் மாற்றத்துக்கு மாணவர்களிடம் காட்ட இதைவிடத் துயரமான சான்று என்னிடம் இல்லை.

உண்மையான திருப்பம் 1974. அவ்வாண்டில்தான் காவிரி நீர், ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து அரை கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றப்பட்டுப் பெங்களூரை அடைந்தது. நகரம் பயன்படுத்திய நீரில் ஒரு பகுதி விருஷபாவதி வழியே காவிரிப் படுகைக்கே திரும்புகிறது. கோரமங்கலா–சல்லகட்டா, ஹெப்பாள் பள்ளத்தாக்குகளில் இறங்கும் பகுதியோ தென்பெண்ணையைச் சேர்கிறது. அதாவது காவிரியும் பெண்ணையும் நம் கழிப்பறைகள் வழியே ஓசையின்றி இணைக்கப்பட்டுவிட்டன! நீர் மாசுத் தடுப்புச் சட்டம் நிறைவேறியதும் அதே 1974இல்தான். சட்டம் எழுத்தில் இருந்தது. சுத்திகரிப்புத் திறனோ நகரின் வளர்ச்சிக்கு ஈடுகொடுக்கவில்லை.

வழக்கமான இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு கரிமக் கழிவைப் பெரிதும் குறைக்கும்; பாஸ்பரசையும் நைட்ரஜனையும் அகற்றத் தனி ஏற்பாடு வேண்டும். அவை தங்கும் ஏரியில் ஆகாயத்தாமரை பெருகுகிறது. சலவைப் பொருள்களின் எச்சம் வண்டலில் சேர்கிறது. மழைக்காலத்தில் நீர் கலங்கிக் கலிங்கில் விழும்போது அதுவே நுரையாகிறது. பெல்லந்தூர் ஏரி 2015இலும் 2017இலும் தீப்பற்றியதை உலகமே பார்த்தது. அவ்வேரியின் நீர் வர்த்தூர் வழியாக நம் ஆற்றுக்கு வருகிறது என்பதை எத்தனை பேர் கவனித்தனர் எனத் தெரியவில்லை.

கோலார் ஏரிகளை நிரப்ப நாள்தோறும் 440 மில்லியன் லிட்டர் சுத்திகரித்த நீரை அனுப்பும் திட்டம் 2018இல் செயற்பாட்டுக்கு வந்தது. வறண்ட கோலாரின் தேவையை மறுக்க எனக்கு மனமில்லை. ஆயினும் சுத்திகரித்த நீர் வேறு திசையில் திரும்பினால், சுத்திகரிக்காமல் ஆற்றில் இறங்கும் நீரை நீர்க்கச் செய்ய எஞ்சுவது குறையும். பங்கீட்டுக் கணக்கில் இதற்கு இடமில்லை.

அத்திபெலேக்கு அருகிலுள்ள சந்தாபுரா ஏரியைக் காக்கத் தவறியதற்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. இதில் எனக்கு வியப்பளிப்பது தொகையன்று. கேள்வி நீரின் தரத்தைப் பற்றியதாக இருந்ததே. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 2019இல், தென்பெண்ணையின் துணையாறான மார்க்கண்டேயாவில் கட்டப்படும் அணைக்கு எதிராகத் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டபோதும் முன்வைக்கப்பட்டது அதே 1892 உடன்படிக்கைதான். மழைக்காலத்தில் கெலவரப்பள்ளி அணையின் மதகுகள் திறக்கப்படும்போது, அணைக்குக் கீழுள்ள தரைப்பாலங்களை மூடுவது நுரை.