ஐயாவின் பவர் டில்லரும் காயலான் கடையும்

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். காரைக்குடியில் இருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். போன அன்றைக்கே வீட்டில் ஒரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருந்தது. மாட்டுக் கொட்டகை ஓரமாகப் பல வருஷமாக நிற்கும் ஐயாவின் பவர் டில்லரைக் காயலான் கடைக்குப் போடுவதா, வேண்டாமா என்று. (எங்கள் பக்கம் அப்பாவின் அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவோம்.)

வாங்க வந்தவர் வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. கையால் ஒரு தட்டு தட்டிவிட்டு, "எல்லாம் கிலோ கணக்குத்தான்" என்றார். ஐயா ஒன்றும் பேசாமல் எழுந்து வாசல் திண்ணைக்குப் போய்விட்டார். இந்தக் கட்டுரை எழுதக் காரணமே அந்த நிமிஷம்தான்.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போயிருக்கிறீர்களா? செட்டிநாட்டு வீடுகளில் இருந்து கழன்று வந்த கதவுகள், தூண்கள், எனாமல் பாத்திரங்கள், சுவர்க் கடிகாரங்கள் என்று கடை கடையாக அடுக்கி வைத்திருப்பார்கள். வெளிநாட்டில் இருந்தெல்லாம் வந்து வாங்கிப் போகிறார்கள். அங்கே பழசு என்றால் மதிப்பு. ஆனால் அதே ஊர்ப் பக்கத்தில், நாலு பேருக்குச் சோறு போட்ட ஒரு பழைய உழவு இயந்திரத்துக்கு எடைதான் விலை. கதவைப் பார்த்தால் வரும் ஆசை டில்லரைப் பார்த்தால் ஏன் வருவதில்லை? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு கொஞ்சம் வரலாறு தேடிப் படித்தேன். படித்ததைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில், தெரியாத நண்பர்களுக்காக. பவர் டில்லர் என்பது இரண்டே சக்கரம் உள்ள சின்ன டிராக்டர். ஓட்டுபவர் பின்னால் நடந்துகொண்டே இரண்டு கைப்பிடிகளைப் பிடித்து ஓட்டுவார். ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின். பின்னால் சுழலும் கத்திகள் மண்ணைக் கிளறிப் பொடியாக்கும். டயரைக் கழற்றிவிட்டு இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டினால் வயலில் இறங்கித் தொளி அடிக்கும். டிரெய்லர் மாட்டினால் வண்டி, பெல்ட் மாட்டினால் பம்பு செட். இலங்கைத் தமிழர்கள் இதை லேண்ட்மாஸ்டர் என்பார்கள். அது ஒரு பிரிட்டிஷ் கம்பெனியின் பெயர். நாம் நகல் எடுப்பதை ஜெராக்ஸ் என்று சொல்வது மாதிரி, அங்கே கம்பெனிப் பெயரே வண்டியின் பெயராகிவிட்டது.

மேல்நாடுகளில் வீட்டுத் தோட்டத்துக்கென்றே இப்படிச் சின்ன டிராக்டர்கள் வந்தன. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த பெஞ்சமின் கிரேவ்லி 1916-ல் கையால் தள்ளும் கலப்பையில் எஞ்சினைப் பொருத்திக் காப்புரிமை வாங்கினார். அவருடைய தொழில் என்ன தெரியுமா? போட்டோ ஸ்டூடியோ! பிறகு 1946-ல் வீல் ஹார்ஸ், 1960-களின் தொடக்கத்தில் கப் கேடட், 1963-ல் ஜான் டீர் 110 என்று தோட்ட டிராக்டர்கள் வரிசையாக வந்தன. இன்றைக்கு அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்து, பெயின்ட் அடித்து ஓடவைக்கும் கூட்டமே அங்கே இருக்கிறது.

என்னை அதிகம் கவர்ந்தது ஆஸ்திரேலியக் கதை. ஆர்தர் கிளிஃபர்ட் ஹோவர்ட் 1893-ல் பிறந்தவர். நியூ சவுத் வேல்ஸில் கில்கண்ட்ரா என்ற ஊரில் அவர் அப்பாவுக்குப் பண்ணை. கலப்பை மண்ணைப் புரட்டிப் போட்டாலும் டிராக்டரின் கனம் அதே மண்ணை அமுக்கிவிடுகிறதே என்று அவருக்குக் குறை. 1912-ல், 20 வயதுகூட நிரம்பாத அந்தப் பையன், அப்பாவின் நீராவி டிராக்டரில் இருந்து செயின் இழுத்துக் கலப்பைத் தட்டுகளைச் சுழலவிட்டுப் பார்த்தார். மண் நன்றாகப் பொடிந்தது, ஆனால் பக்கவாட்டில் சிதறியது. பிறகு ஆங்கில 'எல்' எழுத்து மாதிரி வளைந்த கத்திகளைச் செய்து பார்த்தார். சரியாக அமைந்தது. 1920-ல் காப்புரிமை, 1922-ல் சொந்தக் கம்பெனி. நம் ஊரில் இன்று மணிக் கணக்கில் வாடகைக்கு ஓடும் ரோட்டவேட்டரில் இருப்பதும் அதே 'எல்' வடிவக் கத்திதான். ரோட்டவேட்டர் என்பதை ஆங்கிலத்தில் எழுதித் திருப்பிப் படித்துப் பாருங்கள், அதே சொல் வரும் :)

இதில் நான் கவனித்த விஷயம், அந்த அப்பா தன் விலை உயர்ந்த டிராக்டரில் மகன் கை வைக்க விட்டிருக்கிறார் என்பது. "தொடாதே, கெட்டுப்போயிடும்" என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அதே 1893-ல் கோயம்புத்தூர் பக்கம் கலங்கல் கிராமத்தில் இன்னொருவர் பிறந்தார். ஜி.டி.நாயுடு. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட அவர், ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் பைக்கைப் பார்த்தார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஓடும் வண்டி! அதை வாங்கியே தீருவது என்று கோயம்புத்தூர் ஓட்டல் ஒன்றில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு அதே பைக்கை வாங்கினார். வாங்கி என்ன செய்தார்? ஊர் சுற்றுவதற்கு முன்னால் அக்கக்காகக் கழற்றி மறுபடி மாட்டினார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரு பஸ் விட்டார். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின் மோட்டார் தயாரித்தார். 1945-ல் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்தார். பாடத்தை விடச் செய்முறைதான் முக்கியம், படிப்புக் காலத்தைக் குறைக்க வேண்டும் என்று வாதாடியவர் அவர். கோயம்புத்தூர் அவினாசி ரோட்டில் 2015 முதல் அவர் பெயர் சொல்லும் கார் மியூசியம் இருக்கிறது. போனால் பாருங்கள். ஆனால் ஒன்று. நாயுடுவுக்கு அந்த ஆசை வந்தது கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததால் அல்ல, ஸ்பேனர் பிடித்ததால்.

இனி நம் நாட்டு டிராக்டர் கதை. உலகப் போர் முடிந்தபோது ராணுவம் விட்டுப்போன டிராக்டர்களை வைத்து 1947-ல் மத்திய டிராக்டர் அமைப்பு தொடங்கப்பட்டது. 'கான்ஸ்' என்ற ஆழவேர்ப் புல் மண்டிக் கிடந்த நிலங்களைத் திருத்துவதுதான் அதன் முக்கிய வேலை. அந்த வேலைக்கு இயந்திரம் வாங்க 1949-ல் உலக வங்கி ஒரு கோடி டாலர் கடன் கொடுத்தது. 1959-ல் ஃபரிதாபாத்தில் ஐஷர் கம்பெனி இந்தியாவில் தயாரான டிராக்டரை வெளியிட்டது. 1960-ல் சென்னையில் டாஃபே தொடங்கி மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களைச் செய்தது. 1963-ல் மகிந்திராவும் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரும் வோல்டாசும் கூட்டுச் சேர்ந்தன. மேலே சொன்ன கப் கேடட் தோட்ட டிராக்டரைச் செய்ததும் அந்த ஹார்வெஸ்டர் கம்பெனிதான்.

ஆனால் பஞ்சாப் வயல் வேறு, எங்கள் கண்மாய்ப் பாசன வயல் வேறு. இங்கே ஒரு வயல் நாலு சென்ட், எட்டு சென்ட் என்று துண்டு துண்டாக இருக்கும். பெரிய டிராக்டர் திரும்புவதற்குள் வரப்பு உடையும், சேற்றில் இறங்கினால் புதையும். ஜப்பானிலும் நெல்தான், சின்ன வயல்தான். அதனால் நமக்குத் தோதான வண்டி அங்கிருந்து வந்தது. வி.எஸ்.திருவேங்கடசாமி முதலியார் 1911-ல் தொடங்கிய வி.எஸ்.டி. நிறுவனத்தார், மிட்சுபிஷியுடன் சேர்ந்து 1967-ல் பெங்களூரில் பவர் டில்லர் தயாரிக்கக் கம்பெனி தொடங்கினார்கள். 1973-ல் கேரள அரசு அத்தாணியில் காம்கோ நிறுவனத்தைத் தொடங்கி, குபோட்டா நுட்பத்தில் டில்லர் செய்தது. ஜோடி மாடு வைத்துத் தீனி போட முடியாத சின்னச் சம்சாரிகளுக்கு இந்த இரண்டு சக்கரம்தான் கைகொடுத்தது.

எங்கள் ஐயாவும் அப்படி ஒரு சம்சாரிதான். டில்லர் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவர். நான் பத்தாவது முடித்த லீவு அது. ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்யும் வண்டி. "அப்பு, கட்டைவிரலை மத்த விரலோட ஒரே பக்கமா வை. சுத்திப் பிடிக்காத. எஞ்சின் எதிர்த்து உதைச்சா கட்டைவிரல் போயிரும்" என்பதுதான் முதல் பாடம். டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டு, நாலு சுற்று வேகமாகச் சுற்றி, லீவரை விட வேண்டும். டப் டப் டப் என்று பிடித்துக்கொள்ளும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, பல்சர் பைக்கில்கூட எனக்கு வந்ததில்லை. வேட்டி, தாவணி, தளர்ந்த துணி எதுவும் கிட்டே வரக் கூடாது, ரோட்டரி சுற்றும்போது ரிவர்ஸ் போடவே கூடாது என்பதெல்லாம் அடுத்தடுத்த பாடங்கள்.

ஒரு பாடத்தை நான் விழுந்தே கற்றேன். டில்லருக்கு ஸ்டியரிங் கிடையாது. இரண்டு கைப்பிடியிலும் ஒவ்வொரு கிளட்ச் லீவர். வலது லீவரைப் பிடித்தால் வலது சக்கரத்துக்குப் போகும் விசை நின்று, இடது சக்கரம் மட்டும் தள்ளும். வண்டி வலது பக்கம் திரும்பும். சமதளத்தில் இது சரி. கண்மாய்க் கரையில் இருந்து இறக்கத்தில் வந்தபோது வலது லீவரைப் பிடித்தேன். வண்டி இடது பக்கம் பாய்ந்து என்னையும் இழுத்துக்கொண்டு கருவேல முள்ளுக்குள் போனது! இறக்கத்தில் எஞ்சின்தான் சக்கரங்களைப் பிடித்து நிறுத்துகிறது. வலது பக்கத்தை விடுவித்ததும் அந்தச் சக்கரம் தறிகெட்டு ஓட, பிடிபட்ட இடது சக்கரம் மெதுவாகப் போக, வண்டி எதிர்ப் பக்கம் திரும்பிவிட்டது. ஐயா ஓடி வந்து எஞ்சினை நிறுத்தினார். திட்டவில்லை. "இறக்கத்துல எல்லாம் தலைகீழ், இனிமே மறக்க மாட்ட" என்றார். மெக்கானிக்கல் எடுத்ததற்கு அந்த முள்ளும் ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

அமெரிக்காவில் பள்ளி மாணவர்களுக்கென்றே டெலோ டிராக்டர் சீரமைப்புப் போட்டி என்று ஒன்று நடத்தியிருக்கிறார்கள். பழைய டிராக்டர் ஒன்றை மாணவர்களே கழற்றிச் சரி செய்து, என்னென்ன செய்தோம் என்று எழுதி வைத்து, நடுவர்கள் முன்னால் விளக்க வேண்டும். இதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். நம் காரைக்குடியிலேயே அழகப்பச் செட்டியார் புண்ணியத்தில் பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக் எல்லாம் இருக்கின்றன. சுற்றி உள்ள கிராமங்களில் ஓடாமல் நிற்கும் டில்லர்கள் இருக்கின்றன. அதை ஓட்டிக் களைத்த தாத்தாக்களும் இருக்கிறார்கள். இந்த மூன்றையும் ஒரு சனிக்கிழமை ஒன்றாகச் சேர்க்க முடியாதா? வண்டி இரும்புதான், கிடக்கும். தாத்தாக்கள் காத்திருக்க மாட்டார்கள்.

சித்தப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வாடகை டிராக்டர் ஒரு மணி நேரத்தில் முடிக்கும் வேலைக்கு டில்லர் பின்னால் நாள் முழுக்க நடக்க வேண்டும். பார்ட்ஸ் கிடைக்க அலைய வேண்டும். "ஓடாத வண்டிய வச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை.

மறுநாள் காலையில் சித்தப்பா மகன், ஒன்பதாவது படிக்கிறான், என்னோடு கொட்டகைக்கு வந்தான். டேங்கைக் கழுவி டீசல் ஊற்றினோம். ஆயில் மாற்றினோம். மாற்றி மாற்றி ஹேண்டில் போட்டும் மூச்சே விடவில்லை. திண்ணையில் இருந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த ஐயா கம்பை ஊன்றி வந்தார். அவருக்கு இப்போது கை நடுக்கம், ஸ்பேனர் பிடிக்க முடியாது. "ஏர் பிடிச்சிருக்கு. அந்தத் திருகாணியை லேசாத் தளர்த்து. நுரை நுரையா வரும். நுரை நின்னு டீசல் சுத்தமா வந்ததும் இறுக்கு" என்றார். தம்பி செய்தான். "கட்டைவிரல்!" என்று நான் சொல்வதற்குள் ஐயா சொல்லிவிட்டார்.

மூன்றாவது சுற்றில் பிடித்தது. கொட்டகை முழுக்கக் கரும்புகை. மாடு கயிற்றை அறுக்கப் பார்த்தது. சித்தப்பா உள்ளே இருந்து ஓடி வந்து மகனையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, பொங்கல் வரைக்கும் நிக்கட்டும்" என்றார்.

இப்போதைக்கு அவ்வளவுதான் கிடைத்திருக்கிறது. பொங்கலுக்குள் ரோட்டரிக் கத்திகளை மாற்றித் தோட்டத்தில் ஒரு சால் ஓட்டிக் காட்டிவிட வேண்டும் என்று தம்பி போனில் சொல்லிக்கொண்டே இருக்கிறான். கத்தி வாங்கக் காசு சேர்க்கிறானாம்.

உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் இப்படி ஏதாவது நின்றால், விற்பதற்கு முன்னால் அதை ஓட்டியவரிடம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். அதன் பிறகும் விற்கத் தோன்றினால் விற்றுவிடுங்கள்.