வாளியில் பிடித்த காற்று

வடலூர்க்காரனுக்கு நெய்வேலிச் சாம்பலும் தூசியும் பழக்கம்தான். ஆனால் கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் சிப்காட் வந்தாலே மூக்கைப் பொத்திக்கொள்வோம். அந்த நாற்றத்துக்கு அரசாங்கம் ஏதாவது வரம்பு வைத்திருக்கிறதா என்று தேடப்போனேன்.

நாட்டின் காற்றுத் தர வரம்புகள் முதலில் 1982-ல் வந்தன. 1994-ல் திருத்தினார்கள். அந்த அட்டவணையைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். கன மீட்டர் காற்றில் மிதக்கும் தூசி, 24 மணி நேரச் சராசரியாக, குடியிருப்புப் பகுதியில் 200 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். தொழிற்பகுதியில் 500 வரை! சிப்காட்டை ஒட்டியே குடிகாடு, ஈச்சங்காடு என்று ஊர்கள் இருக்கு. அந்த ஜனங்களின் நுரையீரலை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பென்சீன் மாதிரி ஆவியாகும் ரசாயனங்களுக்கோ வரம்பே கிடையாது. லிமிட் செட் பண்ணாத சிஸ்டத்தில் அலர்ட் எப்படி வரும்?

2004-ல் ஊர்க்காரர்களே கண்காணிப்பில் இறங்கினார்கள். எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்துக் காற்றில், என்ன வாடை, அழுகிய முட்டையா வேறா என்று குறித்துவைத்தார்கள். அப்புறம் வாளி. சாதாரண பிளாஸ்டிக் வாளிதான். உள்ளே ஒரு விசேஷப் பை. வாளிக்குள் இருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சினால், பை தானாக விரிந்து வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். அந்தப் பையை ஆய்வகத்துக்கு அனுப்பணும், அவ்வளவுதான். 1990-களில் கலிபோர்னியாவில் இதற்கு வழிசெய்தவர் எட்வர்ட் மாஸ்ரி. 'எரின் புரோக்கோவிச்' படத்தில் வருகிற அதே வக்கீல்!

கடலூர்ப் பைகளில் 22 ரசாயனங்கள் சிக்கின. அதில் 8 புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. சரி, அளவு அதிகமா குறைவா? ஒப்பிட்டுச் சொல்ல நம் நாட்டு அளவுகோல் இல்லாததால் அமெரிக்க அளவுகோலை வைத்துத்தான் பேச வேண்டியிருந்தது. எனக்கு உறைத்த இடம் இதுதான். உச்ச நீதிமன்றத்தின் கண்காணிப்புக் குழு வரைக்கும் விஷயம் போனது.

2009 நவம்பரில் புது வரம்புகள் வந்தன. மொத்தம் 12 பொருட்கள். பென்சீன் முதல்முறையாக உள்ளே வந்தது: ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராம். தொழிற்பகுதிக்குத் தனிச் சலுகையும் போச்சு. இது கடலூர் வாளியால்தான் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன்; பல ஊர்களின் குரல் சேர்ந்திருக்கும். ஆனால் நமக்கென்று வரம்பு இல்லை என்பதை ஊரறியச் சொன்னவர்களில் குடிகாட்டுக்காரர்களும் உண்டு.

அழுகிய முட்டை வாடைக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடு மட்டும் அந்த 12-ல் இல்லை.