எய்பார் உதைபந்தாட்டக் கழகம்: ஒரு வரலாற்று நோக்கு

உதைபந்தாட்டத்தின் வரலாறு பெரும்பாலும் பெருநகரக் கழகங்களின் வெற்றி வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயினும், ஒரு சமூகம் தனது நிறுவனங்களை எவ்வாறு ஆக்கிக் காத்துக்கொள்கின்றது என்பதை அறிய விழைவோர்க்குச் சிற்றூர்க் கழகங்களே தக்க சான்றுகளாகும். ஸ்பானியாவின் பாஸ்க் பிரதேசத்திலுள்ள எய்பார் கழகம் அத்தகையதொன்று.

எய்பார், மலைகளுக்கிடையே ஒடுங்கிய பள்ளத்தாக்கொன்றில் அமைந்த நகரம். அதன் மக்கள் ஏறத்தாழ 27,000 பேர். துப்பாக்கி செய்தல் அங்கு பல நூற்றாண்டுகளாக நிலவிய கைத்தொழிலாகும். 1920 இல் வேலைநிறுத்தமொன்றின் பின்னர் துப்பாக்கித் தொழிலாளர் நிறுவிய அல்பா கூட்டுறவுத் தொழிற்சாலை, பின்பு தையல் இயந்திரங்களை உற்பத்தி செய்தது. 1840 இல் துப்பாக்கிப் பட்டறையாகத் தோன்றிய ஒர்பேயா, துவிச்சக்கரவண்டி உற்பத்திக்கு மாறியது. 1931 ஏப்பிரல் 14 ஆம் நாள் அதிகாலையில், ஸ்பானியாவில் முதன்முதலாகக் குடியரசைப் பிரகடனஞ் செய்த நகரமும் இதுவே. 1937 இல் உள்நாட்டு யுத்தத்தின் குண்டுவீச்சால் நகரம் பெரிதும் அழிவுற்றது.

அவ்வழிவின் பின்னர், 1940 இல், உள்ளூர்க் கழகங்கள் இரண்டின் இணைப்பால் எய்பார் கழகம் தோன்றியது. 'துப்பாக்கி செய்வோர்' என்பதே அதன் வீரர்க்கு வழங்கும் பட்டப்பெயர். 1947 இல் இபுறுவா மைதானம் திறக்கப்பட்டது. 1988 முதல் 2006 வரை இரண்டாம் பிரிவில் தொடர்ந்து ஆடிய இக்கழகத்தில், சபி அலொன்சோ, டேவிட் சில்வா போன்றோர் இளமையில் பிற கழகங்களிலிருந்து வந்து ஆடியமை குறிப்பிடத்தக்கது.

2014 இல் இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்றதன் மூலம் கழகம் முதற்பிரிவுக்குத் தகுதி பெற்றது. ஆயின் அவ்வெற்றியே அதற்கு நெருக்கடியாயிற்று. இரண்டாம் பிரிவுக் கழகங்களின் சராசரிச் செலவில் நான்கிலொரு பங்கு மூலதனமாக இருத்தல் வேண்டுமென 1999 ஆம் ஆண்டின் அரச ஆணையொன்று விதித்திருந்தது. எய்பார் கடனற்ற கழகம்; எனினும் அதன் மூலதனம் சிறிது. உரிய காலத்துள் மேலும் 17 இலட்சம் யூரோ வரையில் திரட்டாவிடின் மூன்றாம் நிலைக்கு இறக்கப்படும் நிலை தோன்றியது. கடன் மலிந்த கழகங்களைக் கட்டுப்படுத்த எழுந்த ஒழுங்கு, கடனே இல்லாத கழகத்தைத் தண்டிக்க முற்பட்டமை முரண்நகையன்றோ? சட்டம் அளந்தது பருமனையேயன்றி நாணயத்தையன்று.

செல்வர் ஒருவரிடம் கழகத்தை ஒப்படைத்தல் எளிய வழியாயிருந்திருக்கும். எய்பார் அதனை நாடவில்லை. 50 யூரோ பெறுமதியான பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றதோடு, தனியொருவர் பெறக்கூடிய பங்குகளுக்கும் வரம்பிட்டது. பல நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் பங்கு வாங்க, உரிய தொகை தவணைக்கு முன்னரே சேர்ந்தது.

2015 இல் எய்பார் 18 ஆம் இடத்தையே பெற்றது. ஆயினும், கடன்சுமை காரணமாக எல்ச்சே கழகம் கீழிறக்கப்பட்டமையால் அது முதற்பிரிவில் நிலைத்தது. முன்னர் அதன் குறையெனக் கருதப்பட்ட சிக்கனமே இப்போது அதன் அரணாயிற்று. 2018 இல் 9 ஆம் இடம் வரை உயர்ந்து, ஏழு பருவங்களின் பின் 2021 இல் அது மீண்டும் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது.

இவ்விறக்கத்தைத் தோல்வியென்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. வேலைநிறுத்தத்தின் பின் தமக்கெனத் தொழிற்சாலை கண்ட கைவினைஞரின் மரபே, பங்குதாரர் பலரின் கூட்டுடைமையாகக் கழகத்திலும் தொடர்ந்தது எனலாம். ஒரு கழகம் எப்பிரிவில் ஆடுகின்றது என்பதினும், அது யாருக்கு உரியது என்ற வினாவே வரலாற்று மாணவர்க்கு முதன்மையானது.