ஒண்ணாம் நம்பர் ரோட்டில் லாப்ஸ்டர் ரோல்

லாப்ஸ்டரைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் இந்தக் கதை கட்டாயம் வந்துவிடும். "அந்தக் காலத்துல அமெரிக்காவுல லாப்ஸ்டர்னா சீந்த ஆளில்லை. கைதிகளுக்கும் வேலைக்காரர்களுக்கும்தான் போடுவாங்க. அவங்களே பொறுக்க முடியாம, வாரத்துக்கு மூணு நாளுக்கு மேல லாப்ஸ்டர் போடக்கூடாதுன்னு ஒப்பந்தத்துல எழுதி வாங்கிக்கிட்டாங்களாம்." முன்பு ஃபார்வர்டு மெயிலில் வந்துகொண்டிருந்தது, இப்போது வாட்ஸப்பில் வருகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரே குறை, அப்படி ஒரு ஒப்பந்தத்தை இதுவரை யாரும் கண்ணில் காட்டவில்லை. இங்கிலாந்தில் இதே கதையை சால்மன் மீனை வைத்துச் சொல்வார்கள். வேலைக்காரர், வாரக் கணக்கு எல்லாம் அப்படியே இருக்கும், மீன் மட்டும் மாறும்.

அந்தக் காலத்திலேயே எழுதி வைத்தவர்கள் சொல்வது வேறு. 1623-இல் பிளிமத் குடியேற்றத்துக்குப் புதிதாக ஒரு கூட்டம் கப்பலில் வந்து இறங்கியது. வந்தவர்களுக்குக் கொடுக்க லாப்ஸ்டரோ ஒரு துண்டு மீனோதான் இருந்தது, ரொட்டிகூட இல்லை, குடிக்க வெறும் தண்ணீர் என்று அங்கே ஆளுநராக இருந்த வில்லியம் பிராட்ஃபோர்டு எழுதியிருக்கிறார். அவர் கூச்சப்பட்டது ரொட்டி இல்லாததற்காக என்றுதான் எனக்குப் படுகிறது. 1634-இல் வில்லியம் வுட் என்பவர் எழுதிய புத்தகத்தில், ஒன்பது கிலோ தேறும் லாப்ஸ்டர்கள் உண்டு, ஆனால் எங்கு பார்த்தாலும் கிடப்பதால் அதற்கு மதிப்பில்லை, அங்கிருந்த பூர்வகுடிகள் அதைத் தூண்டிலுக்கு இரையாகவே பயன்படுத்துகிறார்கள் என்று வருகிறது. வெறுப்பு ஒன்றுமில்லை. கொல்லையில் காய்த்துத் தொங்கும் முருங்கைக்காய்க்கு யார் மரியாதை கொடுக்கிறார்கள்? அதே மேட்டர்தான்.

சரி, கொல்லை முருங்கைக்காய் எப்படி முப்பது டாலர் ஆனது? அங்கேதான் லாப்ஸ்டர் ரோலின் கதை ஆரம்பிக்கிறது.

லாப்ஸ்டருக்கு ஒரு கெட்ட குணம். செத்தால் சீக்கிரம் கெட்டுப்போகும். அதனால் உயிரோடு கொண்டுபோய் உயிரோடு கொதிக்கும் தண்ணீரில் போடவேண்டும். காட் மீனைப்போல உப்புக்கண்டம் போட்டு உலகம் முழுக்க அனுப்பிப் பணம் பார்க்க முடியாது. கரையோரத்தில் கொட்டிக் கிடக்கும், நூறு மைல் உள்ளே போனால் யாருக்கும் தெரியாது. 1820களில்தான், அடிவயிற்றில் ஓட்டை போட்டுக் கடல்தண்ணீர் உள்ளே வந்து போகும்படி செய்த தொட்டிப் படகுகள் மேய்ன் மாநிலக் கரைக்கு வர ஆரம்பித்தன. லாப்ஸ்டர் உயிரோடு பாஸ்டனுக்கும் நியூயார்க்குக்கும் போனது. 1840களில் மேய்னின் கிழக்கு மூலையில் ஈஸ்ட்போர்ட் என்ற ஊரில் டின்னில் அடைக்கும் வேலை தொடங்கியது. அதற்குப் பிறகு தூரம் ஒரு பிரச்சனையே இல்லை.

டின் கம்பெனிகள் செய்த வேலையைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ஆரம்பத்தில் இரண்டு கிலோ லாப்ஸ்டரே அவர்களுக்குச் சின்னது. நாற்பது வருடத்தில் கால் கிலோ குட்டிகளைக்கூட விடாமல் உரித்து அடைத்தார்கள். 1880 வாக்கில் மேய்னில் இருபதுக்கு மேற்பட்ட ஆலைகள் ஓடின. 1870களிலேயே முட்டை சுமக்கும் பெண் லாப்ஸ்டரை விற்கக்கூடாது, இத்தனை அங்குலத்துக்குக் குறைந்ததைப் பிடிக்கக்கூடாது என்று சட்டங்கள் வர ஆரம்பித்துவிட்டன. குட்டிக்குத் தடை இறுக இறுக, டின் கம்பெனிகள் மூட்டை கட்டிக்கொண்டு கனடா பக்கம் போயின. 1890களோடு மேய்னில் அந்தத் தொழில் முடிந்தது.

இதே காலத்தில் ரயிலும் நீராவிக் கப்பலும் வேறொரு கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்கின. நியூயார்க், ஃபிலடெல்ஃபியா பணக்காரர்கள் கோடைக்கு பார் ஹார்பர் மாதிரி ஊர்களில் மாளிகை கட்டினார்கள். முழு லாப்ஸ்டரை உடைத்துத் தின்பது விடுமுறையின் அடையாளமானது. நியூயார்க்கிலோ 1890களிலிருந்து 'லாப்ஸ்டர் பேலஸ்' என்றே ஒரு வகை ஆடம்பர ஓட்டல்கள், நாடகம் விட்டதும் ஷாம்பெயினோடு லாப்ஸ்டர். ஆக, அந்தஸ்து வந்தாயிற்று. ஆனால் இன்னும் மேஜை, துணி, இடுக்கி, சின்ன முள்கரண்டி எல்லாம் வேண்டியிருந்தது.

அதை வழியிலே நின்று கையில் பிடித்துத் தின்னும் பண்டமாக்கியது கார். 1926-இல் அமெரிக்க நெடுஞ்சாலைகளுக்கு நம்பர் போட்டபோது, கிழக்குக் கரையோரம் மேய்னிலிருந்து ஃப்ளோரிடா வரை போகும் சாலைக்கு 1 என்று வைத்தார்கள். கனெக்டிகட்டில் மில்ஃபோர்டு என்ற ஊர் வழியாகவும் அந்தச் சாலை போகிறது. அந்த ஊரில் பெர்ரிஸ் என்ற கடையில்தான் 1920களின் கடைசியில் முதன்முதலாக லாப்ஸ்டர் ரோல் பிறந்ததாகச் சொல்வார்கள். வெண்ணெயில் புரட்டிய சூடான லாப்ஸ்டர் கறி, ரொட்டிக்கு நடுவே. அவ்வளவுதான். கடை இப்போது இல்லை. "நாங்கதான் முதல்ல" என்று மேய்னிலும் சொந்தம் கொண்டாடுகிறவர்கள் உண்டு. திருநெல்வேலி அல்வாவுக்கு யார் முதல் என்று கேட்பது மாதிரி, இதில் தீர்ப்பு வராது.

பன்னின் கதை தனி. நாம் பார்க்கும் ஹாட்டாக் பன்னைப் பக்கவாட்டில் கீறியிருப்பார்கள். லாப்ஸ்டர் ரோலுக்கு வரும் பன்னில் கீறல் மேலே. இரண்டு பக்கமும் தோல் இல்லாமல் வெட்டிய ரொட்டி மாதிரி தட்டையாக இருக்கும். அதனால் வெண்ணெய் தடவி தோசைக்கல்லில் போட்டு இரண்டு பக்கமும் முறுகலாக வாட்டலாம், தட்டில் சாயாமலும் நிற்கும். 1940களில் ஹோவர்டு ஜான்சன்ஸ் என்ற சாலையோர ஓட்டல் குழுமம், பொரித்த மட்டியை வைத்து விற்பதற்காக, மேய்னில் உள்ள ஜே.ஜே. நிசன் பேக்கரியிடம் சொல்லிச் செய்ய வைத்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. மட்டிக்கு வந்த பன்னில் லாப்ஸ்டர் குடியேறிவிட்டது. மும்பையில் போர்ச்சுகீசியர் பாவுக்குள் வடை போய் உட்கார்ந்ததைத் தினமும் பார்க்கிற எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. லாப்ஸ்டர் ரோல் என்பது அடிப்படையில் அவர்களுடைய வடா பாவ்தான். உள்ளே இருக்கும் வடைதான் கொஞ்சம் காஸ்ட்லி :)

வேலை விஷயமாக பாஸ்டனில் இருந்த ஒரு கோடையில், வார இறுதிகளில் இந்த ஒண்ணாம் நம்பர் ரோட்டில் மேலும் கீழும் போயிருக்கிறேன். அந்தச் சாலையில் நல்ல ரோல் தேடுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ளவேண்டியது ஒன்று. இது இரண்டு நாட்டுச் சாப்பாடு. கனெக்டிகட்டில் கேட்டால் சூடாக, வெண்ணெயோடு. நோயாங்க் என்ற சின்ன ஊரில் 1947 முதல் இருக்கும் அப்பாட்ஸ் கடையில் வட்ட பன்னில் வைத்து அப்படித்தான் தருகிறார்கள். மாசசூசெட்ஸ் தாண்டி மேய்னுக்குள் போய்விட்டால் குளிர்ந்த கறி, மயோனைஸ் லேசாகப் பூசி. விஸ்காசெட் ஊரில் இருக்கும் ரெட்ஸ் ஈட்ஸ் நம் ஊர் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவே. ஒண்ணாம் நம்பர் ரோடு ஷீப்ஸ்காட் ஆற்றுப் பாலத்தில் ஏறுவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. கோடையில் அந்த ஊரில் ஏற்படும் டிராஃபிக் ஜாமுக்கு அந்தக் கடையின் வரிசைதான் காரணம் என்று திட்டுகிறவர்களும் அந்த வரிசையில் நிற்பார்கள். கறியை நறுக்குவதில்லை, முழுசு முழுசாக அடுக்கி, வெண்ணெயையும் மயோனைஸையும் தனியாகக் கொடுத்துவிடுகிறார்கள்.

என் கட்சி வெண்ணெய்க் கட்சி. குளிர்ந்த லாப்ஸ்டரை மயோனைஸில் மூழ்கடித்து, செலரி, வெங்காயம் என்று போட்டுக் கொண்டுவந்தால், கறி பழசோ என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. மேய்ன்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்களிலும் நல்ல கடைக்காரர்கள் மயோனைஸைத் தொட்டுக்கொள்கிற அளவுக்கு மேல் போடுவதில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

விலையைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லாப்ஸ்டரின் எடையில் கறி என்று தேறுவது கால் பங்குகூட இல்லை. ஒரு ரோலுக்கு நூறு கிராம் கறி வேண்டுமென்றால் அரை கிலோவுக்கு மேலான ஒரு முழு லாப்ஸ்டர் போகிறது. அதை வேகவைத்து ஓடு உடைத்து உரிப்பது முழுக்கக் கைவேலை. அதிலும் ஜூலை, ஆகஸ்டில் ஓடு கழற்றிப் புது ஓடு போட்ட லாப்ஸ்டருக்குள் கறியைவிடத் தண்ணீர் அதிகம். ஆனால் ருசி அதில்தான். மெல்லிய ஓடு என்பதால் தூரப் பயணம் தாங்காது, கரையிலேயே செலவாகிவிடும். அங்கே போய்ச் சாப்பிடுவதற்கு ஒரே நியாயமான காரணம் இதுதான் என்பேன்.

நம் கடலின் சிங்கி இறாலை வைத்து இதே ரோலைச் செய்தால் ஏன் அந்த ருசி வருவதில்லை என்று இங்கே நண்பர் ஒருவர் கேட்டார். சிங்கிக்குப் பெரிய கொடுக்கு கிடையாது. வால் கறி மட்டும்தான், அது கொஞ்சம் விறைப்பாக இருக்கும். அமெரிக்க ரோலின் உயிரே கொடுக்கிலும் அதன் மூட்டிலும் இருக்கும் மெத்தென்ற கறி.

அதைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று இருக்கிறது. மும்பைக் கடலில் செருப்பு மாதிரித் தட்டையாக ஒரு வகை லாப்ஸ்டர் இழுவலைப் படகுகளுக்கு ஏராளமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. முட்டையோடு இருந்ததையும் சேர்த்து வாரினார்கள். 1990களின் நடுவில் அந்த மீன்பிடிப்பே இல்லாமல் போனது. ஏற்றுமதியாகும் லாப்ஸ்டருக்குக் குறைந்தபட்ச எடை இவ்வளவு என்று இந்திய அரசு அறிவித்தது 2003-இல். மேய்னில் இழுவலையில் பிடித்த லாப்ஸ்டரைக் கரைக்கே கொண்டுவரக்கூடாது, கூண்டு வைத்துத்தான் பிடிக்கவேண்டும். ஒருவருக்கு அதிகபட்சம் 800 கூண்டு. கண்ணுக்குப் பின்னாலிருந்து முதுகு ஓட்டை அளந்து, மூன்றேகால் அங்குலத்துக்குக் குறைந்தாலும் கடலில் விடவேண்டும், ஐந்து அங்குலத்தைத் தாண்டினாலும் விடவேண்டும். சின்னது வளரட்டும், பெரியது முட்டையிடட்டும் என்ற இந்த இரட்டை அளவு 1933-இல் வந்தது. முட்டையோடு ஒரு பெண் லாப்ஸ்டர் வந்தால் வால் இதழில் 'வி' வடிவில் ஒரு வெட்டு வெட்டித் திருப்பி விடுவார்கள். அந்த வெட்டு இருக்கிறவரை, முட்டை இல்லாவிட்டாலும், யாரும் அதை எடுக்கக்கூடாது. சட்டத்தைவிட, எந்தத் துறைமுகத்துக்காரன் எங்கே கூண்டு போடலாம் என்ற எழுதாத எல்லைக்கோடுகள் இன்னும் கறாரானவை. மீறினால் கயிற்றை அறுத்துவிடுவார்கள். மானிடவியலாளர் ஜேம்ஸ் ஆச்செசன் இதைப் பற்றி 1988-இல் ஒரு புத்தகமே போட்டார்.

இதற்குப் பலன் இருந்தது. 2016-இல் மேய்னில் பிடிபட்டது சுமார் ஆறு கோடி கிலோ. ஆனால் முழுப் பெருமையும் மீனவர்களுக்குப் போகாது. லாப்ஸ்டர் குஞ்சுகளைத் தின்னும் காட் மீன்களை மனிதர்கள் ஏற்கெனவே தின்று தீர்த்திருந்தார்கள், தண்ணீரும் லாப்ஸ்டருக்கு இதமான அளவுக்குச் சூடேறியிருந்தது. அந்தச் சூடு நிற்கவில்லை. 2012-இல் கடல் வழக்கத்தைவிட மிகவும் சூடாகி, புது ஓட்டு லாப்ஸ்டர் சீக்கிரமே வந்து குவிந்தது. படகடியில் விலை சரிந்தது. கனடாவின் நியூ பிரன்சுவிக்கில் மீனவர்கள் ஆலை வாசலில் மேய்ன் லாரிகளை மறித்தார்கள். ஓட்டல் மெனுவில் மட்டும் விலை இறங்கவில்லை. 2021-இல் பிடித்தவர்களுக்கும் நல்ல விலை கிடைத்தது, மேய்னுக்கு 70 கோடி டாலருக்கு மேல் வருமானம். ரோல் பல கடைகளில் 30 டாலரைத் தாண்டியது அப்போதுதான். 2024-இல் பிடிபட்டது நான்கு கோடி கிலோவுக்கும் குறைவு.

ரோல் பிறந்ததாகச் சொன்னேனே மில்ஃபோர்டு, அது லாங் ஐலண்ட் சவுண்டு என்ற வளைகுடாவின் கரையில் இருக்கிறது. 1999-இல் அந்த வளைகுடாவில் லாப்ஸ்டர்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. கொசு மருந்துதான் காரணம் என்று மீனவர்கள் வழக்குப் போட்டார்கள். அடிமட்டத் தண்ணீர் சூடானதும் ஒட்டுண்ணியும்தான் முக்கியக் காரணம் என்றார்கள் ஆராய்ச்சியாளர்கள். எதுவானாலும் அங்கே அந்தத் தொழில் எழுந்திருக்கவே இல்லை. இன்று கனெக்டிகட்டில் வெண்ணெய் வடிய வடியக் கையில் தரும் ரோலில் இருப்பது பெரும்பாலும் மேய்னிலிருந்தோ கனடாவிலிருந்தோ லாரியில் வந்த லாப்ஸ்டர்.

போகிறவர்கள் ஆகஸ்டில் போங்கள். அக்டோபர் முடிந்தால் இந்தக் கடைகளில் பாதிக்கு மேல் பூட்டிவிடுவார்கள். மெனுவில் விலைக்குப் பதிலாக 'மார்க்கெட் விலை' என்று போட்டிருந்தால் வெட்கப்படாமல் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தப் படகில் வந்தது என்றும் கேட்கலாம். மேய்னில் கரையோரக் கடையாக இருந்தால் பல இடங்களில் பதில் சொல்லாமல், எதிரே கட்டியிருக்கும் படகைக் கையைக் காட்டுவார்கள்.