கேட்டது 158, பதில் 32

புளியந்தீவின் புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்தாட்டத்தை வளர்த்தவராகவே வணபிதா இயூஜின் ஹேபர்ட்டைப் பலரும் நினைவுகூர்வர். அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து 1948இல் வந்த இயேசு சபைத் துறவி அவர். எனக்கோ அவரது இறுதி மாதங்களே முக்கியமாகப்படுகின்றன. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின், மட்டக்களப்பு சமாதானக் குழுவின் உறுப்பினராக, காணாமற்போனோருக்காகக் குரல்கொடுத்தார். ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து ஸ்கூட்டரில் திரும்புகையில், உடன்வந்த இளைஞருடன் அவரும் காணாமற்போனார். என்ன நேர்ந்ததென்று இன்றுவரை வெளிவரவில்லை.

மூன்று வாரங்களில், செப்டெம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேரைப் படையினர் கொண்டுசென்றனர். அவர்கள் எங்கே என்று கேட்டபோது, 32 பேரே கைதானதாகவும், 24 மணித்தியாலங்களுக்குள் அவர்கள் விடுவிக்கப்பட்டதாகவும் பாதுகாப்புத் தரப்பு பதில் தந்தது. எஞ்சிய 126 பேரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. (கணக்குப் பிழை என்று இதை எவரும் சொல்லமாட்டார்.) பாலகிட்ணர் தலைமையிலான ஜனாதிபதி ஆணைக்குழு 1997இல் 158 பேரையும் பதிவுசெய்தது, ஆனால் எவரும் தண்டிக்கப்படவில்லை.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, அச்சட்டப்படி தரத்தக்க தகவலை வெளியிடும் அரச அலுவலரைத் தண்டனையிலிருந்து காக்கிறது. ஹேபர்ட் அரச அலுவலரல்லர். முகாம் வாசலில் நின்று பிள்ளைகளைக் கேட்ட தாய்மாரும் அல்லர்.