பெருங்குடல் புற்றுநோய்க் கட்டங்களின் வரலாறு

பெருங்குடலிலோ மலக்குடலிலோ தோன்றும் புற்றுநோய், முதன்முதலாகக் கண்டறியப்படும்போது எவ்வளவு பரவியுள்ளது என்பதே அதன் கட்டம் எனப்படுகிறது. நோயாளி பிழைப்பதற்கான வாய்ப்பைப் பெரிதும் தீர்மானிப்பது இதுவே.

டியூக்ஸ் முறை

1932 இல் இலண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் நோயியல் வல்லுநர் கத்பர்ட் டியூக்ஸ், மலக்குடல் புற்றுநோயை மூன்றாகப் பிரித்தார். குடல் சுவருக்குள் அடங்கியது 'ஏ', சுவரைக் கடந்தது 'பி', நிணநீர்க் கணுக்களை எட்டியது 'சி'. அறுவை மருத்துவத்தில் வெட்டி எடுத்த குடலை ஆராய்ந்தே இவ்வாறு வகைப்படுத்தினர். எனவே அறுவை செய்ய இயலாத அளவுக்கு நோய் முற்றியவர்கள் இக்கணக்கில் இடம்பெறவில்லை. கல்லீரல் போன்ற தொலைவு உறுப்புகளுக்குப் பரவிய நிலையைக் குறிக்கும் 'டி' பின்னரே சேர்க்கப்பட்டது.

டி.என்.எம். முறை

பிரான்ஸைச் சேர்ந்த பியர் தெனுவா, 1943 முதல் 1952 வரையான காலத்தில் இம்முறையை உருவாக்கினார். இது கட்டியின் அளவு, நிணநீர்க் கணுக்களின் பாதிப்பு, தொலைவுப் பரவல் ஆகியவற்றைத் தனித்தனியே குறிக்கிறது.

நாடுகளின் ஒப்பீடு

ஆஸ்திரேலியா, கனடா, டென்மார்க், நோர்வே, சுவீடன், ஐக்கிய இராச்சியம் ஆகிய நாடுகளில் 2000–2007 காலத்தில் நோய் கண்டறியப்பட்டோரை ஒப்பிட்ட ஆய்வு 2013 இல் வெளியானது. பதிவேடுகள் வெவ்வேறு முறைகளைப் பின்பற்றியதால், அவற்றை முதலில் பொது அளவுகோலுக்கு மாற்ற வேண்டியிருந்தது. பிழைப்பு விகித வேறுபாட்டின் ஒரு பகுதியைக் கட்டம் விளக்கியது. ஆனால் ஐக்கிய இராச்சியத்தில், ஒரே கட்டத்தில் இருந்தோரிடையேகூடப் பிழைப்பு விகிதம் குறைவாக இருந்தது. ஆகவே தாமதமான நோயறிதலோடு, சிகிச்சை வாய்ப்பிலுள்ள ஏற்றத்தாழ்வும் காரணமாகக் கருதப்பட்டது.

முன்கூட்டிய சோதனை

மலத்தில் மறைந்துள்ள குருதியை ஆண்டுதோறும் சோதித்தால் இந்நோயால் ஏற்படும் இறப்பு 33% குறைவதை, 1993 இல் வெளியான மினசோட்டா ஆய்வு காட்டியது. இங்கிலாந்தில் 2006 இல் தேசியச் சோதனைத் திட்டம் தொடங்கியது. அறிகுறி தோன்றுமுன்பே, 'ஏ' கட்டத்திலேயே நோயைப் பிடிப்பது இத்தகைய திட்டங்களின் நோக்கமாகும்.