ஓடுவதற்குச் சம்பளம் வாங்குபவர் யார்?



பொங்கலையொட்டி நடக்கவிருக்கும் நம் வளாக ஓட்டத்தின் அறிவிப்பை லிஃப்ட் அருகில் பார்த்திருப்பீர்கள். அதில் 5-வது விதி, ‘தொழில்முறை ஓட்டக்காரர்களுக்குப் பரிசு கிடையாது’ என்கிறது. ஒட்டிய அன்று மாலையே வாட்ஸ்அப் குழுவில் கேள்வி வந்துவிட்டது. ஆவடி பட்டாலியனில் பணிபுரியும் காவலர் ஒருவர், நம்மிடையே வாடகைக்குக் குடியிருப்பவர், “நான் இதில் சேர்த்தியா, இல்லையா?” என்று கேட்டிருந்தார். சேர்த்திதான் என்று ஒருவர் சொன்னார். அவர் போலீஸ்காரர், ஓட்டக்காரர் இல்லையே என்று இன்னொருவர். அப்படியே பேச்சு வளர்ந்து, பருத்திப்பட்டு ஏரிக்கரையில் விடியற்காலையில் ஓடிப் பழகும் நம் கேட் செக்யூரிட்டி தம்பியைச் சேர்க்கலாமா என்பது வரை போய்விட்டது.

நமக்கு இது நாலு நாள் வாக்குவாதம். உலகத்துக்கு இது நூறு வருடத்துக்கும் மேற்பட்ட வழக்கு. அதன் கதை தெரிந்தால் விதியை எப்படி எழுதுவது என்பதும் கொஞ்சம் தெளிவாகும் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஓடுவதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் நம் ஊரில் புதிதல்ல. ரயில் வருவதற்கு முன் கடிதப் பையைச் சுமந்து ஊர்விட்டு ஊர் ஓடியவர்கள் தபால் ரன்னர்கள். கையில் சலங்கை கட்டிய கோல், தோளில் பை. திருவிதாங்கூரில் அவர்களுக்கு அஞ்சலோட்டக்காரர் என்றே பெயர். பள்ளி விளையாட்டு விழாவில் ‘அஞ்சல் ஓட்டம்’ என்று அறிவிக்கிறார்களே, அந்தப் பெயரிலும் அஞ்சல் இருக்கிறது. சொல்லின் நேர்ப் பொருளில் பார்த்தால், தொழில்முறை நெடுந்தூர ஓட்டக்காரர் என்று சொல்ல அவரைவிடப் பொருத்தமானவர் கிடையாது. ஆனால் யாரும் அவரை விளையாட்டு வீரர் என்று சொன்னதில்லை.

விளையாட்டில் இந்தப் பிரிவினையை உண்டாக்கியவர்கள் ஆங்கிலேயர்கள். அங்கே 19-ம் நூற்றாண்டில் பந்தயம் கட்டி ஓடுவதும் நடப்பதும் பெரிய வேடிக்கையாக இருந்தது. 1809-ல் கேப்டன் பார்க்லே என்பவர் 1000 மணி நேரத்தில், ஒவ்வொரு மணிக்கும் ஒரு மைல் வீதம், 1000 மைல் நடந்து 1000 கினி பந்தயத்தை வென்றார். 1860-களின் தொடக்கத்தில், செனெகா என்னும் அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்த, ‘டியர்ஃபுட்’ என்று அழைக்கப்பட்ட வீரர் இங்கிலாந்து முழுக்க ஓடிக் காட்டிப் பணம் சம்பாதித்தார்.

இதைப் பார்த்து முகம் சுளித்த கனவான்கள் 1866-ல் லண்டனில் ஒரு தடகளச் சங்கம் தொடங்கினார்கள். காசுக்காக ஓடாதவரே ‘அமெச்சூர்’ என்பது அவர்கள் வகுத்த விதி. அதோடு நிறுத்தவில்லை. மெக்கானிக், கைவினைஞர், கூலித் தொழிலாளி ஆகியோரும் அமெச்சூர் ஆகமாட்டார்கள் என்று சேர்த்தார்கள். உடலால் உழைப்பவருக்கு அந்த உழைப்பே பயிற்சியாகிவிடுகிறது, நாற்காலியில் உட்கார்பவர் அவரோடு போட்டியிடுவது நியாயமல்ல என்பது அவர்கள் சொன்ன காரணம். தோற்கப் பயம் என்பது நான் நினைக்கும் காரணம். அந்த விதி இங்கே இருந்திருந்தால் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் ஒருவர்கூட ஸ்டார்ட் லைனில் நின்றிருக்க முடியாது. 1880-ல் புதிதாக அமைந்த இங்கிலாந்து தடகளச் சங்கம் இந்தத் தொழிலாளி விதியை எடுத்துவிட்டது. பண விதியை மட்டும் வைத்துக்கொண்டது.

அந்தப் பண விதிதான் அடுத்த நூறு வருடம் ஆட்டிவைத்தது. பின்லாந்தின் பாவோ நூர்மி ஒலிம்பிக்கில் 9 தங்கம் வென்றவர். 1932 லாஸ் ஏஞ்சலஸில் மாரத்தான் ஓடி, வெற்றியோடு விடைபெற வந்திருந்தார். பயணப்படியை அளவுக்கு மேல் வாங்கினார் என்று சொல்லிப் போட்டிக்குச் சற்று முன்பு அவரைத் தடுத்துவிட்டார்கள். பின்லாந்து சளைக்கவில்லை. ‘தேசிய அமெச்சூர்’ என்று ஒரு பிரிவைச் சொல்லி உள்நாட்டில் அவரைத் தொடர்ந்து ஓடவிட்டது. ஒரே மனிதர் எல்லைக்கு இந்தப் பக்கம் அமெச்சூர், அந்தப் பக்கம் தொழில்முறை!

இதே காலத்தில் ராணுவச் சம்பளம் வாங்கியவர்களை யாரும் கேட்கவில்லை. 1952 ஹெல்சிங்கியில் 5000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்ற எமில் ஸாடபெக் செக்கோஸ்லோவாகிய ராணுவ அதிகாரி. 1960 ரோமில் வெறுங்காலோடு மாரத்தான் வென்ற அபேபே பிகிலா எத்தியோப்பியப் பேரரசரின் மெய்க்காவல் படை வீரர். அவர்கள் சம்பளம் வாங்கியது சிப்பாய் வேலைக்கு, ஓடியது ஆசைக்கு என்பது கணக்கு. இந்தக் கணக்கை மறந்துவிடாதீர்கள். நம் நாட்டுக் கதை முழுக்க இதில்தான் நிற்கிறது.

பண விதி உடைந்தது ஒரு சாலை ஓட்டத்தில். 1981 ஜூனில் அமெரிக்காவின் போர்ட்லண்டில் நடந்த 15 கிலோமீட்டர் பந்தயத்தில், ஓட்டக்காரர்கள் தாங்களே சங்கம் வைத்துப் பரிசுப் பணத்தை எல்லோர் முன்னிலையிலும் வாங்கினார்கள். அதுவரை மேசைக்கு அடியில் கவர் கைமாறுவது வழக்கம், அதைப் பார்த்தும் பார்க்காமல் இருப்பது அதிகாரிகளின் வழக்கம். பெண்களில் முதலிடம் பெற்ற நியூசிலாந்தின் ஆன் ஆடேன் 10,000 டாலர் வாங்கினார். தடை மிரட்டல் வந்தது, நிற்கவில்லை. 1982-ல் உலகத் தடகளச் சம்மேளனம் ‘அறக்கட்டளைக் கணக்கு’ என்று ஒரு வழி கண்டுபிடித்தது. பரிசுப் பணம் அந்தக் கணக்கில் விழும், பயிற்சிச் செலவுக்கு அதிலிருந்து எடுக்கலாம். பழம்பெருமை பேசும் பாஸ்டன் மாரத்தானே 1986-ல் பரிசுப் பணம் தர ஆரம்பித்தது. 2001-ல் சம்மேளனம் தன் பெயரிலிருந்தே ‘அமெச்சூர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தடகளத் தங்கம் ஒவ்வொன்றுக்கும் அதே சம்மேளனம் 50,000 டாலர் கொடுத்தது. நூர்மி இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவுக்காக ஒலிம்பிக் மாரத்தானை முதலில் ஓடியவர்களில் ஒருவர் பெல்காம் பக்கத்தைச் சேர்ந்த பதேப்பா சௌகுலே. 1920 ஆண்ட்வெர்ப்பில் 19-ம் இடம். அந்தக் குழுவை அனுப்ப டோராப்ஜி டாட்டா தன் கைப்பணத்தைப் போட்டார். ஒரு புரவலர் மனது வைத்தால்தான் ஓடலாம் என்ற நிலை. சுதந்திரத்துக்குப் பிறகு அந்தப் புரவலர் இடத்தில் ராணுவமும் ரயில்வேயும் போலீசும் வந்து உட்கார்ந்தன.

பீகாரிலிருந்து ராணுவத்தில் சேர்ந்த சிவநாத் சிங் 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் 11-வதாக வந்தார். 1978-ல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடினார். அந்தத் தேசிய சாதனை 40 வருடத்துக்கு மேல் அசையவில்லை. ஓ.பி. ஜைஷா, லலிதா பாபர் ஆகியோர் ரயில்வே ஊழியர்களாக இருந்து ஓடியவர்கள். நம் புதுக்கோட்டை ஜி. லட்சுமணன் ராணுவ வீரர். 2017 புவனேஸ்வரம் ஆசியப் போட்டியில் 5000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம். மறு வருடம் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரை மூன்றாவதாக முடித்தார். வெண்கலம் என்று நாமெல்லாம் கைதட்டிக்கொண்டிருக்கும்போதே, பாதையின் உள்கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டார் என்று தகுதிநீக்கம் செய்தார்கள். மேல்முறையீடும் எடுபடவில்லை. 25 சுற்று ஓடி, ஒரு காலடியில் எல்லாம் போயிற்று.

அப்படி ஒரு நாளுக்குப் பிறகு ஓட்டக்காரர் எதை வைத்துச் சாப்பிடுவார் என்று யோசித்துப் பாருங்கள். மும்பை மாரத்தானில் 2025-ல் ஒட்டுமொத்த முதல் பரிசு 50,000 டாலர். அதைப் பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கர்கள் கொண்டுபோகிறார்கள். இந்தியர்களில் முதலிடத்துக்கு 5 லட்சம் ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முழு மாரத்தானை முழு வேகத்தில் ஓடுவதை ஓர் உடம்பு வருடத்துக்கு இரண்டு, மூன்று முறைதான் தாங்கும். ஒன்றில் தசை பிடித்தால் அந்த வருடமே காலி. ஆகவே நம் ஊரில் பரிசுப் பணம் யாரையும் தொழில்முறை வீரர் ஆக்குவதில்லை. மாதச் சம்பளம்தான் ஆக்குகிறது. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு என்றதும் கிராமத்துப் பிள்ளைகள் ஏன் அப்படி ஓடுகிறார்கள் என்பது இப்போது புரியும்.

அப்படியானால் நம் காவலர்? இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடவேண்டும். ஆவடிப் பக்கத்துச் சாலைகளில் விடியும் முன்பே ஷூவோடும் ஷூ இல்லாமலும் ஓடும் பையன்கள் பலர் அதற்காகவும் ராணுவத் தேர்வுக்காகவும்தான் ஓடுகிறார்கள். அவர்களுக்கு ஓட்டம் வேலைக்கான கதவு. உள்ளே போனபின் பந்தோபஸ்துதான் வேலை. ஓட்டத்துக்கென்றே பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு, பயிற்சி முகாமில் வைக்கப்படும் காவலர் வேறு. என் பார்வையில் கோடு விழுவது இங்கேதான். காசு வாங்கினாரா, என்ன சீருடை என்பதெல்லாம் பிறகு. அவருடைய நாள் யாருக்குச் சொந்தம் என்று கேளுங்கள். காலை ஓட்டம், மதியத் தூக்கம், மாலை ஓட்டம் என்று ஒரு நிறுவனம் அவர் நாளை ஒதுக்கித் தந்திருந்தால் அவர் தொழில்முறை வீரர்.

இன்னொரு அடையாளமும் உண்டு, அது அவ்வளவு சுகமானதல்ல. ஊக்கமருந்து சோதனைப் பட்டியலில் முதல் அடுக்கில் உள்ள வீரர், ஒவ்வொரு நாளும் தான் எந்த ஒரு மணி நேரம் எங்கே இருப்பேன் என்று முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும். 12 மாதத்தில் மூன்று முறை தவறினால் தடை வரலாம். ஃபினிஷர் மெடலோடு டீ-ஷர்ட் வாங்கிக்கொண்டு இட்லி சாப்பிடப் போகும் நம்மில் யாருக்கும் அந்தக் கட்டாயம் இல்லை.

செயற்குழுவுக்கு என் யோசனை இது. 5-வது விதியில் ‘தொழில்முறை’ என்ற சொல்லே வேண்டாம். கடந்த மூன்று ஆண்டுகளில் மாநிலம், ரயில்வே, முப்படை, போலீஸ் அணிகளில் ஏதேனும் ஒன்றுக்காகத் தடகளத்தில் ஓடியவர் ‘ஓப்பன்’ பிரிவில் ஓடட்டும். அதற்குத் தனிக் கோப்பை வைப்போம். மற்றவர்கள் அவரவர் வயதுப் பிரிவில் ஓடட்டும். காவலர் அப்படி எந்த அணிக்கும் ஓடியதில்லை என்கிறார், எனவே அவர் 30–40 பிரிவு. செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், தோட்ட வேலை செய்பவர்களுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லாமல் நம்மோடு ஒரே பிப், ஒரே பிரிவு. ‘ஊழியர்களுக்கு மட்டும்’ என்று தனி ஓட்டம் வைக்கலாம் என்ற யோசனையும் வந்தது. 1866 லண்டன் சங்கத்தின் வாசனை அதில் அடிப்பதால் அதற்கு நான் உடன்படவில்லை.

ஓட்டம் காலை 6 மணிக்கு. அந்த நேரத்தில் கேட்டில் நிற்பதற்கு மூன்று குடியிருப்பாளர்கள் ஏற்கெனவே பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் இருவர் தேவை. விதி பற்றிய உங்கள் கருத்தை அடுத்த பொதுக்குழுவுக்கு முன் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.